ஊர் பார்க்க வந்தவர்கள்

நெய்வேலி ஒரு சுற்றுலாத் தலம் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் டீச்சர் சுற்றுலா இடங்களைக் கேட்டபோது மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்ல, நான் எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். என்மேல் தவறில்லை. கல்யாணமான புதிதில் என் சித்தியும் சித்தப்பாவும் விடுமுறையைக் கழிக்க வந்த ஊர் அதுதான்.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கிக் கல்லூரி படித்தவள். சித்தப்பா, டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் வடக்குத்துக்காரர். அவருடைய அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். நாங்களோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அதே மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவர்கள். சித்தியும் அவரும் சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த பிளாக்கில் குடியிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, "இனிமே இந்த ஊருக்குள்ள அவ கால் வைக்கக் கூடாது" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மே மாதம் சித்தியிடமிருந்து போன் வந்தது. வடலூரில் லாட்ஜ் எடுத்திருக்கிறார்களாம். அம்மா போனைக் காதில் அழுத்தியபடி நெடுநேரம் கேட்டாள். பிறகு, "என்னால வர முடியாது. பாப்பாவ அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

யாரோ நண்பரிடம் வாங்கிவந்த மோட்டார் சைக்கிளில் நடுவில் என்னை உட்காரவைத்துக் கிளம்பினார்கள். வடலூரில் எல்லோருக்கும் சோறு போடும் வள்ளலார் தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சாப்பிட்டோம். சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் காவி வேட்டிச் சாமியார், மறுபக்கம் பஸ் கண்டக்டர். சித்தி இலையையும் அவர்களையும் சேர்த்துப் படம் எடுத்தாள். பரிமாறியவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. "போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். சித்தி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு சாலையோரம் முந்திரிப்பழம். உப்பு தொட்டுத் தின்றும் தொண்டை கரகரத்தது. அதன்பிறகு மைன்ஸ். மேட்டில் நின்று பார்த்தால் எங்கள் டவுன்ஷிப்பையே உள்ளே போட்டு மூடிவிடலாம் போலிருந்தது அந்தக் குழி. அடியில் ராட்சத மெஷின் ஒன்று சக்கரத்தைச் சுழற்றி மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. சித்தப்பா நடுவெளியைக் காட்டினார்.

"அதோ, மெஷின் நிக்குது பாரு பாப்பா. அதுக்கு நேர் மேலதான் எங்க பழைய வூடு இருந்துச்சு. நான் பொறந்தது அங்கதான்."

நான் எட்டிப் பார்த்தேன். அங்கே காற்றுதான் இருந்தது.

"இவரு பொறந்த எடமே போயிடுச்சு. என்னய எந்த எடத்துக்கு வரக் கூடாதுங்குறாங்க?" என்றாள் சித்தி. அந்தக் கேள்வி என்னிடமா என்று தெரியாமல் நான் தலையாட்டிவைத்தேன். அவள் குழிக்கு முதுகைக் காட்டி நின்று, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள்.

சாயங்காலம் மெயின் பஜார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் சித்தி ரோட்டைப் பார்த்த பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். மிளகாய் பஜ்ஜி, பன்னீர் சோடா, மறுபடியும் பஜ்ஜி. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் எதிர்வீட்டு அத்தை காய்கறிப் பையோடு பார்க்காததுபோல் தாண்டினாள். சித்தி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நல்லாருக்கீங்களா அக்கா? இவருதான் எங்க வீட்டுக்காரர்" என்றாள். அந்த அத்தை நல்லாருக்கேன் என்று கத்தரிக்காயிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

"போதும்மே. பாப்பாவ வூட்ல வுட்டுட்டு கெளம்பலாம்" என்றார் சித்தப்பா.

"பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கிட்டுப் போலாம்" என்றாள் சித்தி.

சுளைப் பொட்டலத்தோடு ஏறினோம். வண்டி எங்கள் பிளாக்குக்குத் திரும்பவில்லை. மாமா வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும், "இங்க நிறுத்துங்க" என்றாள். வண்டியிலேயே உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பிரித்து எனக்கொன்று, சித்தப்பாவுக்கொன்று கொடுத்து, தானும் கடித்தாள். தெருவெல்லாம் பலாவாசம்.

மாமா கேட்டுக்கு வந்தார்.

"எதுக்குடி வந்த?"

"லீவுக்கு வந்தோம்ணே. ஊர் பாத்துக்கிட்டிருக்கோம்."

"இங்க என்ன இருக்கு பாக்க?"

"நான் வளந்த ஊரு. எனக்குப் பாக்க நெறய இருக்கு. சுளை எடுத்துக்குங்க."

மாமா அவள் நீட்டிய கையைப் பார்க்கவில்லை. சித்தப்பா, "மன்னிச்சுக்குங்க, போயிடுறோங்க" என்று ஆரம்பித்தார். சித்தி இடையில் புகுந்தாள். "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. நாம எதையும் திருடிட்டுப் போகல."

அப்போதுதான் மாமா என்னைக் கவனித்தார். "எறங்கு. ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

வாய் நிறையப் பலாச்சுளை. விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன். "அம்மாதான் மாமா அனுப்புனாங்க."

 மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிரவே எங்கள் வீட்டுக்கு வந்து கத்தினார். அப்பா ஷிப்டு களைப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஆமா, நான்தான் அனுப்புனேன். அடுத்த வருஷம் இங்கதான் வந்து தங்குவாங்க" என்றாள். அப்படியே நடந்தது. இன்றுவரை ஒவ்வொரு மே மாதமும் வருகிறார்கள், இப்போது இரண்டு பிள்ளைகளோடு. மாமா இன்னும் பேசவில்லை. அதற்காக அவர்கள் வேறு ஊரைத் தேடவும் இல்லை.

சித்திக்குப் பயம் என்பதே கிடையாது என்று அந்த வயதில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மாமா வெளியே நின்ற நேரமெல்லாம் அவள் என்னைப் பின்னாலிருந்து ஒரு கையால் இறுக்கி அணைத்திருந்தாள். என் முதுகில் ஏதோ தடதடவென்று அடித்துக்கொண்டேயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும், "வண்டி ரொம்ப உதறுது, மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சித்தியைப் பார்த்தார். "காட்டுறேன் பாப்பா" என்றார்.

மாமா வீட்டு முன்னால் நின்றபோது எஞ்சின் ஓடவேயில்லை. சாவி சித்தப்பாவின் கையில் இருந்தது.