முயல் நேரம்

மரக்கட்டைச் செருப்பு சிமெண்டுத் தரையில் நடக்கிற சத்தம்: டக், டக், ஒரு சின்ன இழுப்பு, மறுபடி டக். போன வாரம் ஈப்போச் சந்தையில் மீன் கடைகளுக்கு நடுவில் அதைக் கேட்டேன். ஐஸ் உடைக்கிறார்கள், கோழி கத்துகிறது, நாலு பாஷையில் பேரம் நடக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த டக், டக். இந்தக் காலத்தில் யார் கட்டைச் செருப்பு போடுகிறார்கள்? திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு சீன அம்மாள், பூண்டை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாதவர். ஆனாலும் என் கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மீனை மறந்து, பையை மறந்து, பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு உட்கார்ந்து நினைக்கத் தெரியாது. நடந்தால்தான் நினைவு வரும்.

நான் பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். வளர்ந்தது பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தமிழ் வீட்டில். அப்போது மலாயாவில் இது அதிசயமில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள்: சீன முகம், எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை, வாயைத் திறந்தால் தோட்டத்துத் தமிழ். பையன்கள் ‘சீனக்குட்டி’ என்று சீண்டினால், அவர்கள் பாட்டன் கப்பலில் கொண்டுவந்த வசவுகளிலேயே அவர்களைத் திட்டி ஓடவைப்பேன்.

அம்மா பால்வெட்டுக்குப் போகிறவள். என்னிடம் எதையும் மறைத்ததில்லை. “ஈயக்குட்டைக்கு அந்தாண்ட ஒரு சீனத்து அக்கா இருந்துச்சு. அதுகிட்டதான் ஒன்ன வாங்கிட்டு வந்தேன்” என்பாள், தீபாவளிக்குப் புடவை எடுத்த கதையைச் சொல்கிற குரலில். அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. தோன்றியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் கமுந்திங்கில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தேன். அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தார். என் இயந்திரம் மட்டும் ஏன் இத்தனை முறை பழுதாகிறது என்று ஆலையே பேசிச் சிரித்தது. கடைசியில் சித்தியவானிலிருந்து அவருடைய அம்மா பெண் பார்க்க வந்தார்.

நாங்கள் பயந்ததெல்லாம் என் முகத்தைப் பற்றி. அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பலகாரத்தைக் கடித்தபடி சொன்னார்: “பொண்ணு சீனமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். லெட்சணமாத்தான் இருக்கா. ஜாதகத்தக் காட்டுங்க.”

“ஜாதகம் இல்லீங்க” என்றாள் அம்மா.

“சரி, நட்சத்திரத்தச் சொல்லுங்க.”

அதுவும் இல்லை.

“நட்சத்திரம் இல்லாம ஒரு பொண்ணா? அது எப்படிங்க?” அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். ஜாதகம் பொருந்தினால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. மகன் கெஞ்சினார். அவர் அசையவில்லை.

என் பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள். அதை வைத்து எழுதலாமே என்றேன். அப்பா தலையைச் சொறிந்தார்.

“அது வந்து… ஆபீசுல எப்ப பொறந்துச்சுன்னு கேட்டாங்க. நமக்கு நீ தீபாவளிக்கு மொத நாளுதானே பொறந்தே? அன்னிக்குத்தானே ஒன்னத் தூக்கியாந்தோம்? அதச் சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்நாள் முழுக்க, நான் வீட்டுக்கு வந்த நாளைத்தான் பிறந்த நாளாகக் கொண்டாடியிருக்கிறோம்.

“அந்தத் தேதிக்கே எழுதிடுங்க, யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா முறைத்தாள். “பொய் ஜாதகம் எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு அவளுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட நான் தூங்குவேனா? பெத்தவளுக்குத் தெரியும்லா நேரம். போயிக் கேப்போம்.”

பக்கத்து வீட்டில் சல்லடை கேட்டு வாங்குவதுபோலச் சொன்னாள். ஈயம் தோண்டிய அந்தக் குட்டைக்கு அந்தாண்ட இருந்த குடிசைகள், வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்திலேயே காலியாகிவிட்டன. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்று, அங்கிருந்த சீனர்களையெல்லாம் லாரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். எந்தக் கிராமம் என்று எங்களுக்கு யார் சொல்வார்? அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஜாதகத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் என் மூக்கை ஏன் அத்தனை நேரம் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஈப்போ பதிவு அலுவலகத்தில், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னிடம் கான்டனீஸில் பேசினார்கள். நான் மலாயில் பதில் சொன்னேன். அம்மா அவர்களைப் பார்த்து, “அதுக்கு அந்தப் பாஷ தெரியாதுலா!” என்று தமிழில் விளக்கினாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

“பிள்ளை தமிழோ கதைக்கிறது?”

“பேசுவேன், எழுதுவேன், சண்டையும் போடுவேன் சார்.”

அவர் சிரித்துவிட்டார். பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். அப்பா சொன்ன தேதி, அப்பா சொன்ன இடம், அப்பாவின் கைநாட்டு. அவ்வளவுதான். “இதிலை பிழையெண்டு ஒண்டுமில்லை. கேள்வி ஒண்டு, உங்கட அப்பா சொன்ன மறுமொழி வேறொண்டு” என்றார். முந்தைய மாதங்களையும் புரட்டினார். அந்த ஈயக்குட்டைப் பக்கத்தில் பிறந்த எந்தச் சீனப் பெண்குழந்தையும் இல்லை. பதியாமலே விட்டவர்கள் நிறையப் பேர் என்றார். அவர் புத்தகத்தை மூடிய ஓசையில் என் கல்யாணமும் மூடிக்கொண்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மா நகரவில்லை. “ஐயா, அந்தக் குடிசையில இருந்தவங்கள எங்க கொண்டுபோனாங்கன்னாச்சும் தெரியுமா?”

“அதோ? அந்தப் பக்கத்து ஆக்களை லகாட்டுக்கெல்லோ கொண்டு போனவை. அந்த நாளிலை அடையாள அட்டை எழுதப் போனனான், தெரியும்.”

லகாட்! தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். சினிமாவுக்குப் போனபோது, தைப்பூசத்துக்குப் போனபோது, கமுந்திங்குக்குப் பெட்டியோடு போனபோது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டே எத்தனை முறை கடந்திருக்கிறேன்!

அன்றைக்கே போனோம். வெயில், வெள்ளை மணல், பழைய ஈயக்குட்டைகளில் ஆகாயம் கிடந்தது. தூரத்தில் சுண்ணாம்பு மலைகள். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு காப்பிக் கடை. உள்ளே போய் யாரை, எப்படிக் கேட்பது என்று நான் மலாய் வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. கடைக்காரர் காப்பியை ஆற்றியபடி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். காப்பி குவளைக்கு வெளியே போனது. பிறகு சத்தமாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஒரு சின்னத் தெருவைக் காட்டினார். விலாசம் என் முகத்திலேயே இருந்திருக்கிறது.

தகரக் கூரை வீடு, வாசலில் சிவப்புப் பலகை, ஊதுபத்தி. அம்மா குரல் கொடுத்தாள்: “அக்கா! கீரக்கார அக்கா!”

உள்ளே சிமெண்டுத் தரையில் டக், டக், ஒரு இழுப்பு.

வந்தவர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். என் மூக்கு. என் நெற்றி. கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை. ‘கோணல் கழுத்து’ என்று அம்மா என்னைத் திட்டுவது அதற்குத்தான். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார், தோட்டத்து லய வீடுகளில் கீரை விற்றுக் கற்ற தமிழ்:

“நீ வெத்தல நெறய திங்கும். பல்லு எல்லாம் போச்சு.”

“நீ மட்டும் என்னா, கொமரியா?” என்றாள் அம்மா.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் வாசலில் நின்று அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. பிறகு அந்தச் சின்னக் கை என் கன்னத்தில் வந்து பட்டது, கீரைக்கட்டின் ஈர வாசனையோடு.

மூலையில் சாய்வு நாற்காலியில் ஒரு மனிதர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். என் தகப்பன். நான் புலி வருடத்தில் பிறந்தவள் என்றும், புலிப் பெண் வீட்டிலிருந்தால் அவர் உயிருக்கு ஆகாது என்றும் ஒரு சோசியக்காரன் சொன்னானாம். அப்போது அவர் காய்ச்சலில் படுத்த படுக்கை. “வேற வீடு, வேற சாமி குடுக்கணும். அப்ப அவரு பொழைக்கும், பிள்ளயும் பொழைக்கும். அப்படிச் சொல்லிச்சு. நா மாசம் முடியிற வரைக்கும் வச்சுச்சு. அப்புறமும் கொஞ்ச நாள் வச்சுச்சு” என்றார் என்னைப் பெற்றவர், தரையைப் பார்த்தபடி.

அம்மா நாற்காலிப் பக்கம் திரும்பினாள். “இவருக்கா ஆகாது? குத்துக்கல்லாட்டம் இருக்காரு!”

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று புரிந்திருக்கும். எழுந்து போய் ஒரு பம்பளிமாஸ் பழத்தை உரித்து, சுளையின் வெள்ளைத் தோலைக்கூட எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் தின்றுகொண்டே இருந்தேன். வேறென்ன பேசுவது?

அம்மா காரியத்துக்கு வந்தாள். “அக்கா, இவ எப்ப பொறந்தா? நாளு, நேரம், எல்லாம் வேணும். கல்யாணம்.”

அவர் யோசிக்கவேயில்லை. “மூன்கேக் பண்டிக மறுநா. முயல் நேரம்.”

அம்மா விழித்தாள். “முயலுக்கு ஏது நேரம்?”

சீனர்கள் நாளைப் பன்னிரண்டு மிருகங்களுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், விடியற்காலை முயலுக்கு என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மூன்கேக் பண்டிகை முழுநிலாவில் வரும் என்று அம்மாவுக்கே தெரியும். விரல்களில் எண்ண ஆரம்பித்தாள். “பெரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாளு… சரி, விடியகாலைன்னா எத்தன மணி? சோசியருக்குச் சரியாச் சொல்லணும்லா.”

“மணி யாரு பாத்துச்சு? ஒங்க தோட்டத்துப் பெரட்டு மணி அடிச்சுச்சு. குட்ட தாண்டி நல்லாக் கேட்டுச்சு. அடிச்சு முடிக்கல, இவ வந்துச்சு.”

பெரட்டு மணி என்றால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க அடிக்கிற மணி. அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. “அந்த நேரம் நான் பெரட்டுக் களத்துல நின்னுருப்பேன். வாளியத் தூக்கிக்கிட்டு.” பிறகு என்னைப் பார்த்தாள், நான் இப்போதுதான் பிறந்ததுபோல. சோசியர் பிறகு ரேவதி என்று கணித்தார், சித்தியவான் அம்மாவின் முகம் மலர்ந்தது, அதெல்லாம் நடந்தது. ஆனால் அந்த நட்சத்திரம் எனக்குக் கிடைத்தது அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான்.

கிளம்ப நேரமாயிற்று. அப்போதுதான் என்னைப் பெற்றவர் கேட்டார், கோபமில்லாமல், ரொம்ப நாளாக எடுத்துவைத்திருந்த ஒரு பொருளைக் காட்டுகிற மாதிரி:

“அன்னிக்கு நீ பிள்ளயத் தூக்கி வாசல்ல நின்னு சொல்லிச்சு, போயிட்டு வாரோம். நா கடக்காரன்கிட்ட கேட்டுச்சு, இது என்னா பேச்சு? அவன் சொல்லிச்சு, போவும், திரும்பி வரும். நா பாத்துச்சு. தெனம் பாத்துச்சு. அப்புறம் லாரி வந்துச்சு. நா அழுதுச்சு. ஐயோ, அவங்க வந்தா வீடு இருக்காது, என்னா நெனைக்கும்?”

தமிழர் நாங்கள் யாரும் வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டோம். சாவு வீட்டைத் தவிர எங்கேயும் ‘போயிட்டு வாரேன்’தான். அது ஒரு மரியாதை, வாய்ப்பழக்கம். அதை விளக்க அம்மா வாயெடுத்தாள். நான் பார்த்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“வந்துட்டோம்ல அக்கா?” என்றாள். “கொஞ்சம் லேட்டு.”

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் கூட வந்தார். காப்பிக் கடைக்காரர் எங்களைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஏறினாள். அவளை அப்படி நான் பார்த்ததேயில்லை. நான் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினேன்.

“போயிட்டு வாரேன்மா” என்றேன்.

அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்ப?”

“ஞாயித்துக்கிழம.”

“எத்தன மணி?”

ஜன்னலிலிருந்து தலையை நீட்டி அம்மா கத்தினாள்: “பத்து மணி பஸ்ஸுலா! எனக்கும் சேத்துச் சோறாக்கி வையி!”