ராகு காலத்துக்கு முன் போட்ட கையெழுத்து

அந்தக் கேம்பர் ஒழுகும் என்று தெரிந்தேதான் எங்களிடம் விற்றீர்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நீங்கள் வயதில் மூத்தவர். பவானியில் பிறந்தவர், நான் பக்கத்தில் அந்தியூர். இத்தனை நாளும் உங்களை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். இனிமேல் கூப்பிட மாட்டேன்.

டிரக் கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டியில் ஏற்றி வைக்கிற பெட்டி வீடு. டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் படுக்கை. கீழே ஒரு அடுப்பு, தண்ணீர் டாங்க், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கழிவறை. அந்தக் கழிவறைக்காகத்தான் அதை வாங்கினோம்.

என் மனைவிக்குக் குடலில் நோய். மருந்தில் அடங்கி இருக்கும், சொல்லாமல் கிளம்பும். லிவர்மோரில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போவாள், கடைக்குப் போவாள். அதற்கு மேல் தூரம் என்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே சாப்பிட மாட்டாள். சான் ஹோசேயில் நண்பர் வீட்டு விருந்துக்குப் பட்டினியாகப் போய், அங்கேயும் தட்டைத் தொடாமல் திரும்பி வருவாள். நெடுஞ்சாலையில் எந்த எக்ஸிட்டில் இறங்கினால் சுத்தமான கழிவறை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். கலிஃபோர்னியாவில் இத்தனை வருடம் இருந்தும் அவள் அறிந்த ஊர் அவ்வளவுதான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஷோரூமில் உட்கார்ந்து அவளே சொன்னாள். "இனி நீ எங்க வேணா போலாம்மா" என்றீர்கள். பிறகு விலையைச் சொன்னீர்கள். ஊரில் அந்தப் பணத்துக்கு மாடி வீடே கட்டலாம். மரச்சட்டம் முதல் தரம், காலத்துக்கும் உழைக்கும் என்றீர்கள். நம்ம ஊர்க்காரர் சொல்கிறார் என்று வேறு கடை ஏறவில்லை.

தமிழ் ஆட்களுக்கு மட்டும் நீங்கள் ஒரு சலுகை வைத்திருக்கிறீர்கள். வண்டியைக் கோயில் பார்க்கிங்குக்கே ஓட்டி வந்து பூஜையோடு டெலிவரி கொடுப்பீர்கள். எங்களுக்கும் அப்படித்தான். சனிக்கிழமை காலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, குருக்கள் கற்பூரத்தோடு நிற்கிறார். வண்டியை முழுக்கப் பார்த்தோம், எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் உங்கள் கையில். அப்போதுதான் உள்ளே ஏறிய என் மனைவி கூப்பிட்டாள். படுக்கைக்கு மேலே முன்மூலையில் உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஒரு கறை.

நீங்கள் ஏறிப் பார்த்தீர்கள். கட்டைவிரலால் அழுத்தினீர்கள். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்தீர்கள்.

"இது பசைங்க. ஒட்டறப்ப வழிஞ்சிருக்கும். ஒம்போதுக்கு ராகு காலம் வந்துரும், மொதல்ல பூஜைய முடிச்சரலாம்."

மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் பானட் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். குருக்கள் தேங்காய் உடைத்தார். நீங்கள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றீர்கள்.

முதல் பயணம் கடலோரமாக வடக்கே. அன்று காலை என் மனைவி நான்கு இட்லி சாப்பிட்டாள். வண்டி ஏறுவதற்கு முன்னால் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. வழியில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள், பின்னால் போனாள், வந்தாள், அவ்வளவுதான். கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு மீதி இட்லியைச் சட்னியோடு சாப்பிட்டோம். "அடுத்து ஓரிகன் போலாமா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து ஒரு ஊர் பேர் வந்தது அன்றுதான்.

மறுநாள் மழை. காலையில் அவள் தலையணை சொதசொத என்று இருந்தது. முன்மூலையிலிருந்து தண்ணீர் சுவர் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. டிராயரை இழுத்தால் முகப்புப் பலகை தனியாகக் கையோடு வந்தது, பின்னால் நாலு ஸ்டேப்பிள் பின். வீடு திரும்பியதும் மூலையைப் பிரித்தேன். கூட நின்ற மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாம், டோன்ட் கம் இன். இட்ஸ் மோல்ட்" என்றாள். உள்ளே கறுப்பாகப் பூசணம். முதல் தரச் சட்டத்தை விரலால் குத்தினேன், விரல் உள்ளே போனது.

நன்றாகக் கேளுங்கள். ஒரு மழையில் மரம் உளுத்துப் போகாது. குறைந்தது ஒரு முழு மழைக்காலம் அது உங்கள் இடத்தில் நின்று ஒழுகியிருக்கிறது. கூரை விளிம்பில் தண்ணீர் இறங்காமலிருக்கத் தொழிற்சாலை பூசிய சீலன்ட் மஞ்சளாகி வெடித்துக் கிடந்தது. அதன் மேல் புதிதாக, வெள்ளையாக இன்னொரு பூச்சு. அதைப் பூசியது தொழிற்சாலை இல்லை. இப்படி ஒன்றைச் செய்து அனுப்பியவன் திருடன் என்றால், அதற்கு மேல் வெள்ளை அடித்து விற்றவர் யார்?

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஷோரூமுக்கு ஓட்டி வந்தோம். முதலில் என் கையெழுத்தைக் காட்டினீர்கள். அடுத்து, "பூஜை போட்ட வண்டியத் திருப்பித் தர்றேங்கறீங்களே தம்பி, குடும்பத்துக்கு ஆகுமா?" என்றீர்கள். அதற்கும் நான் அசையவில்லை என்றதும் என் மனைவி பக்கம் திரும்பினீர்கள். உள்ளே குக்கர் வைப்பீங்களா, நம்ம சமையலில் ஆவி ஜாஸ்தி, அதுதான் மரத்தைத் தின்றிருக்கிறது என்று விளக்கம் வேறு.

அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, நாலு விசில்ல மரம் உளுத்துப் போகுங்களா? அப்படின்னா உங்க வீட்டு சமையக்கட்டு இந்நேரம் இடிஞ்சு விழுந்திருக்கணுமே."

நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். நான் சிரிக்கவில்லை.

அவள் சாப்பிடும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. பூசணம் பிடித்த இடத்தில் காலே வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேம்பர் வீட்டு முன்னால் டிரைவ்வேயில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். அவள் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை. ஓரிகன் பேச்சும் இல்லை.

வக்கீலிடம் போ என்கிறார்கள் சிலர். போவேன், அது வேறு. நம்ம ஆள் பேரைக் கெடுக்காதீங்க, கோயிலுக்கு நிறையச் செய்கிறார் என்கிறார்கள் பலர். செய்யட்டும். போன வாரம் தெரிந்த ஒரு அங்கிள் ஃபோன் செய்தார். ரிடயர் ஆகிவிட்டாராம், ஆன்ட்டியோடு ஊர் சுற்ற உங்களிடம் கேம்பர் சொல்லி வைத்திருக்கிறாராம். "கோயில்லயே டெலிவரி, எவ்ளோ நல்ல மனுஷன் பாரு" என்றார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சான் ஹோசே பொங்கல் விழாவுக்கு இந்த வருடமும் நீங்கள்தான் புரவலர். மாலை போடுவார்கள், மைக் கொடுப்பார்கள். அந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள். அன்று கைக்குட்டையால் துடைத்தீர்களே, அது பசையா, தண்ணீரா? அந்த வெள்ளைப் பூச்சு யார் பூசியது? தனியாக ஃபோனில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சாப்பிடாமல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.