மாதாவின் மேலாடையும் என் முழங்காலும்

துணி தைக்கிற தொழிலில் பாதி நேரம் பிறர் காலடியில்தான் கழியும்; அது பிடிக்காதவர்கள் வேறு தொழில் பார்த்துக்கொள்வது நல்லது. அளவெடுக்கும்போது நிற்கலாம், வெட்டும்போது குனியலாம், மிஷினில் உட்காரலாம். கீழ்மடிப்பு குறிக்கிற நேரம் வந்துவிட்டால் முழங்காலைத் தரையில் ஊன்றியே ஆகவேண்டும். ஊசி பிடித்துப் பிழைக்கிற அண்ணாச்சிமாரே, என் முழங்காலில் இருக்கிற காய்ப்பு உங்களுக்கும் இருக்கும். அதைத் தடவிக்கொண்டே இதைப் படியுங்கள்.

பெரிய யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்களில், பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை முகப்பில் மிஷின் போட்டிருந்தேன். கடைக்காரர் சைவப் பிள்ளை. நான் புராட்டஸ்டண்டு. என் தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம், என் பெயர் மாசிலாமணி. எங்கள் கோயிலில் சுரூபம், அதாவது சிலை, கிடையாது. இரண்டு தெரு தள்ளி ரோமன் கத்தோலிக்கரின் கோயில், அங்கே ஆளுயர மாதா. நாங்கள் ‘மரியாள்’ என்போம், அவர்கள் ‘மாதா’ என்பார்கள். நாங்கள் அவர்களை விக்கிரகக்காரர்கள் என்போம், அவர்கள் எங்களை வேதம் புரட்டின பதிதர்கள் என்பார்கள். துணி கிழிந்தால் இரண்டு தரப்பும் என்னிடம்தான் வரும்.

ஐயரின் வெள்ளை அங்கி

எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்போம்; அவருக்கு ஆராதனையில் போட ஒரு வெள்ளை அங்கி தைக்கவேண்டியிருந்தது. தைத்துக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் அவருக்கு மாட்டிவிட்டேன். பிரசங்கம் செய்து பழகின மனிதர், ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தே நிற்பார். அதனால் கீழ்மடிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. நான் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கை ஓரத்தில் மெல்லிய பின்னல் ஒன்று வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். மதுரையில் ஒரு ஐயர் அப்படி வைத்திருந்ததைப் பார்த்த ஆசை. அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். ஒரு குண்டூசி குத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“பின்னல் கின்னல் எல்லாம் வேண்டாம்வே. ஒரு நூல் அளவு பளபளத்தாலும் ரோமாபுரி உள்ள வந்துட்டுன்னு வாத்தியார் சபையைக் கூட்டிருவாரு.”

முடிச்சுப் போட்ட கயிறு

அவர் சொன்ன வாத்தியார், ஆபிரகாம் வாத்தியார். எங்கள் சபையின் கண்ணும் காதும் அவர்தான். அவரைப் பற்றிப் பின்னால் வரும். அதற்குமுன் சவரிமுத்து வந்தார். அவர் கத்தோலிக்கக் கோயிலின் கோயிற்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சுரூபத்தைத் துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுடைய தையற்காரர் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். ஆடிக் கடைசியில் மாதா திருநாள். சப்பரத்தில் வரும்போது மாதா போட்டுக்கொள்ள நீலப்பட்டில் ஒரு மேலாடை வேண்டும். பட்டைப் பிள்ளை கடையிலேயே எடுத்துவிட்டார்.

வேண்டாம் என்றாள் என் மனைவி. எங்கள் மகள் எஸ்தருக்கு அப்போதுதான் இடம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆழ்வார்குறிச்சிச் சபையில் வேதம் போதிக்கிற உபதேசியார், மகா கண்டிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் எங்களுக்குள் கலியாணம். முதல் ஓலைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “ஓலை வாசிச்சு முடியட்டும், அப்புறம் எந்த மாதாவுக்கும் தச்சுக் குடுங்க” என்றாள். ஆனால் பிள்ளை கடையில் பட்டெடுத்த ஆளைப் பிள்ளை கடை முகப்பில் இருந்துகொண்டு எப்படி விரட்டுவது?

பதிதன் மாதாவைத் தொடக்கூடாது என்று சவரிமுத்தே அளவெடுத்து வந்தார். ஒரு கயிறு, அதில் தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, பாதத்துக்கு ஒரு முடிச்சு. அதை வைத்துத் தைத்தேன். கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தார். ஒரு பக்கம் முழங்காலுக்கு ஏறி நிற்கிறதாம். ஒரு கை மடங்கியிருந்தால் துணி ஏறத்தானே செய்யும், அந்தக் கையில் பிள்ளை இருப்பதை ஏன் சொல்லவில்லை என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

“எங்க மாதாவுக்குப் பிள்ளை இடது கையில இருக்குன்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும், நீரு இத்தனை வருசம் இங்கன இருந்து என்னத்தவே பாத்தீரு?”

கடை வாசலில் ஒரு தர்க்கம்

அந்த நேரம் பார்த்து ஆபிரகாம் வாத்தியார் சட்டைத் துணி வாங்க வந்தார். நீலப்பட்டையும் சவரிமுத்துவையும் பார்த்தார். துணி வாங்க வந்தது மறந்துபோயிற்று. மரியாளும் நம்மைப்போல இரட்சிப்பு தேவைப்பட்ட ஒரு ஸ்திரீதான், அவளிடம் மன்றாடுவது அவளுடைய பிள்ளைக்கே அவமானம் என்று ஆரம்பித்தார். சவரிமுத்து விடவில்லை. வேதத்தில் வருகிற கலியாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துபோனதை யார் போய்ச் சொன்னது, அம்மை சொல்லித்தானே பிள்ளை அற்புதம் செய்தார் என்றார். “அம்மை மகனைத்தான் கை காட்டுனா, தன்னைக் காட்டல” என்றார் வாத்தியார். “கை காட்டுத ஆளைப் பாத்து ஒரு கும்பிடு போட்டா என்ன குறைஞ்சு போச்சு?” என்றார் சவரிமுத்து.

இரண்டு பேர் சொன்னதிலும் எனக்கு நியாயம் தெரிந்தது. நான் பாட்டுக்கு இடது பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“உங்க சாமியோட அம்மையைப் பத்தி உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஆனா கொஞ்சம் பைய அங்கன தள்ளி நின்னு பேசுங்க, வந்த ஏவாரம் எல்லாம் திரும்பிப் போகுது.”

வாயில் குண்டூசி

இனிக் கயிறு உதவாது, தையற்காரனையே வந்து பார்க்கச் சொல் என்று கத்தோலிக்கக் கோயில் சாமியார் உத்தரவு கொடுத்துவிட்டார். போனேன். சப்பரத்தில் ஏற்றுவதற்காக மாதாவைப் பீடத்திலிருந்து இறக்கி, வாசலுக்கு நேராக வெளிச்சத்தில் ஒரு பலகைமேல் நிறுத்தியிருந்தார்கள். சவரிமுத்து ஏணியில் ஏறி மேலாடையைத் தோளில் போட்டார். நான் கீழே. அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். ஒரு விரலில் சாயம் உதிர்ந்திருந்தது, கையிலிருந்த பிள்ளை ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. மடங்கிய கைக்குக் கீழே துணி எப்படி விழுகிறதென்று தெரியாமல் குறிக்க முடியாது. மண்டியிட்டேன், குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டேன், துணி சரியாக விழுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். மறுபடி குனிந்தேன், மறுபடி அண்ணாந்தேன்.

தெருவில் குடையோடு போய்க்கொண்டிருந்த ஆபிரகாம் வாத்தியார் வாசலில் நின்று பார்த்தாராம். எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க முடியாது. உள்ளே தூணோரம் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளும் பார்த்தாள். அவள் குரல்தான் எனக்குக் கேட்டது.

“பாத்தியளா, பதிதனா இருந்தாலும் மாதாவைப் பாத்ததும் கண்ணு மேல போயிட்டு, பேச்சே வரல!”

ஓலை நின்றது

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் புதுச்சேலை கட்டி முன் வரிசையில் இருந்தாள். இரண்டு வீட்டுக் கலியாண ஓலை வாசிக்கப்பட்டது, அவளுடையது வாசிக்கப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் சுரூபத்தின் முன் முழங்கால்படியிட்டதாக வாத்தியார் சாட்சி சொல்கிறார், விசாரித்துத் தீரும்வரை ஓலை இல்லை, ஆழ்வார்குறிச்சிக்கும் ஆள் போயிருக்கிறது என்றார். மடிப்புக் குறித்தேன் என்றேன். “மேலே பார்த்தீராமே?” என்றார். துணி தோளிலிருந்துதானே விழும், மேலே பார்க்காமல் எப்படி என்றேன். அவர் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

 எஸ்தருக்கு வந்த நல்ல இடம் என் முழங்காலால் போகிறதே என்று வீட்டில் சோறு இறங்கவில்லை. நம்முடைய ஆட்கள்தான் நம்பவில்லை, அந்தப் பக்கத்து ஆளாவது எனக்காகச் சாட்சி சொல்லட்டும் என்று சவரிமுத்துவிடம் போனேன். அங்கேயோ நான் மனந்திரும்பிவிட்டதாக ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. யாரோ எனக்கென்று ஒரு செபமாலைகூடக் கொடுத்து வைத்திருந்தார்கள். நானூறு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு சபையும் என் முழங்கால் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயிருந்தன. நான் சும்மா மடிப்புத்தான் குறித்தேன், ஏணிமேல் நின்ற உமக்குத் தெரியாதா, எங்கள் ஐயரிடம் வந்து சொல்லும் என்று கெஞ்சினேன். சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்வே, ஆனா எங்க சனம் இவ்வளவு சந்தோசமா இருக்கும்போது அது வெறும் மடிப்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

சம்பந்தியின் கோட்டு

மாதா திருநாளன்று காலையில் ஆழ்வார்குறிச்சி உபதேசியார் வண்டியிலிருந்து கடை வாசலில் இறங்கினார். நெடிய ஆள், நரைத்த மீசை, முகத்தில் சிரிப்பு என்பது கிடையாது. சம்பந்தம் முறிந்தது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று பிள்ளை என் காதில் சொன்னார். வந்தவர் உட்காரவில்லை. “நீரு எப்படி முழங்கால் போட்டீரு? எங்கிட்ட செஞ்சு காட்டும்” என்றார்.

கலியாணத்துக்கென்று அவர் சொல்லியிருந்த நீளக் கோட்டு, இன்னும் மிஷினில் ஏற்றாமல் கையால் நூலோட்டின நிலையில் கொடியில் தொங்கியது. எடுத்து அவருக்கு மாட்டினேன். மண்டியிட்டேன். குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேன். மடிப்பைக் குறித்து அண்ணாந்து தோளைப் பார்த்தேன், குனிந்தேன், மறுபடி அண்ணாந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை வேலையில் இறங்கியதும் சம்பந்தம்கூட மறந்துபோயிற்று. தெருவில் போன நாலு பேர் நின்றார்கள். ஒரு கிழவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, இவர் எந்த ஊர் மடாதிபதி என்று பிள்ளையிடம் பயபக்தியோடு விசாரித்தார். உபதேசியாருக்குக் காது சிவந்துவிட்டது.

“எழும்பும்வே, எழும்பும்! இன்னும் ரெண்டு பேரு பாத்தா எனக்கும் சூடம் கொளுத்திருவான்.”

சப்பரம் வந்தது

கோட்டிலிருந்த குண்டூசிகளோடேயே அவர் ஐயர் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று முழுதாகத் தெரியாது. ஐயரின் வெள்ளை அங்கிக்கு யார், எப்படி மடிப்புக் குறித்தது என்று மட்டும் கேட்டதாக ஐயரம்மா பிறகு என் மனைவியிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு எஸ்தரின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் மட்டும் ஓலை வாசித்து முடிகிறவரை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அது பிறகு நடந்தது. திருநாள் மாலையில் உபதேசியார் கோட்டைக் கழற்றிக் கொடுக்கக் கடைக்கு வந்தபோது சப்பரம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் சபை வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். உள்ளே போய்விடலாமா என்று உபதேசியாரைக் கேட்டேன். அவர் அசையவில்லை. நீலப்பட்டு மாதாவைச் சுற்றி ஒரே மட்டமாக விழுந்திருந்தது. இடது கைப்பக்கம் ஒரு நூல்கூட ஏறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சப்பரம் தாண்டிப் போகிறவரை உபதேசியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“கும்பிடப்படாது, அதுல ஒரு மாத்தமும் இல்ல, ஆனா சம்பந்தி தச்ச துணியைப் பாக்கப்படாதுன்னு எந்த வேதத்துலயும் சொல்லல.”

ஊசி பிடிக்கிற அண்ணாச்சிமாரே, நான் கண்டது இவ்வளவுதான்: முழங்கால் நம்முடையதாக இருக்கலாம், அது எதற்காக மடங்கியது என்பதை மட்டும் தெருவில் போகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.