எவுதோசியாவின் வயிற்றெரிச்சல்

லிமா நகரின் தெற்கு மேட்டில் எங்கள் சிற்றாலயத்தை ஒட்டியிருக்கும் பொதுச் சமையலறையைப் பதினோரு வருடம் கட்டி ஆண்டவள் எவுதோசியா. பெயர் கொடுத்த அறுபது பேருக்குத்தான் சோறு. அறுபத்தோராவது ஆள் வந்து நின்றால், "நாளைக்கு வந்து பேரு குடுங்க" என்பாள். கல்நெஞ்சக்காரி இல்லை, பானையின் ஆழம் அவளுக்குத் தெரியும். நான் அங்கே கிழங்கு உரிப்பவள்.

மலைநாட்டிலிருந்து நெலிதா வந்து சேர்ந்த பிறகுதான் வினை. வாசலில் யார் நின்றாலும் தட்டை வாங்கி நிரப்பிவிடுவாள்; எப்படியோ பானையும் ஈடுகொடுத்துவிடும்.

"இயேசு பேரு கேட்டுக்கிட்டா அக்கா சோறு போட்டாரு?"

"அவரு அஞ்சு அப்பத்தைப் பெருக்குனாரு. நீ பெருக்குவியா?"

வரிசையில் நிற்பவர்கள், "இன்னைக்கு நெலிதாவா பரிமாறுது?" என்று என்னிடம் ஆவலாகக் கிசுகிசுப்பார்கள். அது எவுதோசியாவின் காதிலும் விழும். ஒரு ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் நெலிதாவைப் புகழ்ந்தார். பதினோரு வருடத்தில் எவுதோசியாவின் பெயர் அங்கே ஒருமுறைகூட வந்ததில்லை.

மறுநாள் பருப்புச் சோறு. அன்று பரிமாற வேண்டியது நெலிதாவின் முறை. எவுதோசியா அளந்தெடுத்த அரிசியில் மூன்று கிலோவை மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

நெலிதா வழக்கம்போல வந்தவர்க்கெல்லாம் போட்டாள். பானை காலியானபோது பெயர் கொடுத்தவர்களிலேயே பதினான்கு பேர் தட்டோடு நின்றார்கள். ஊன்றுகோலுடன் மேடேறி வந்த புருதென்சியோ தாத்தா கொதித்துப் போனார்.

"பேரு குடுத்தவனுக்கு இல்ல, வழிப்போக்கனுக்கு உண்டா? நல்லா இருக்கும்மா உன் கிறிஸ்தவம்!"

"என் தப்புதான் தாத்தா" என்று நெலிதா தலை குனிந்தாள். எவுதோசியாவுக்கு உள்ளே தேன் குடித்ததுபோல் இருந்தது. தாத்தா அவள் பக்கம் திரும்பினார்.

"நீ பரிமாறியிருந்தா இப்படி ஆகுமா? உன் நேர்மை யாருக்கு வரும்!"

எத்தனையோ வருடம் ஏங்கிய புகழ்ச்சி. அது மீன்முள்ளாகத் தொண்டையில் சிக்கியது.

"அரிசியைக் குறைச்சது நான்" என்றாள். "அவளுக்குக் கெட்ட பேரு வரணும்னு."

நெலிதா கரண்டியைப் பானைக்குள் வீசினாள். அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"என்னைப் பிடிக்கலைன்னா என் கன்னத்துல அறைஞ்சிருக்கலாமே அக்கா. இவங்க வயித்துல ஏன் அடிச்சீங்க?"

எவுதோசியா அந்த மூன்று கிலோவை உலையில் போட்டாள். பதினான்கு பேரும் காத்திருந்து சாப்பிட்டார்கள். அந்த வாரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு சமையல்காரப் பெண்கள் நாங்கள் கூடி ஒரு வழி கண்டோம்: முதலில் பெயர் கொடுத்தவர்கள், மிஞ்சியது யார் வந்தாலும். மிஞ்சாத நாளில் 'இல்லை' என்று நெலிதாவே சொல்ல வேண்டும்.

"பொறாமை போயிடுச்சா?" என்று நான் எவுதோசியாவைக் கேட்டேன்.

"எங்க போச்சு? உள்ள உக்காந்திருக்கு. இனி அரிசியில கைவைக்க மாட்டேன், அவ்வளவுதான்."

ஒரு வெள்ளிக்கிழமை கைக்குழந்தையோடு வந்தவளிடம் 'இல்லை' சொல்லிவிட்டு நெலிதா உள்ளே வந்து அழுதாள். எவுதோசியா சோறிருந்த தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஓடு, அவ தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டா."