பத்து நாள் சிவப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த ஒரு செடிக்குக் குங்குமம் பூசினேன்.

பக்தி என்று நினைத்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். மோசடி!

முதலிலிருந்து சொல்கிறேன். வாராவாரம் வருகிற இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் கலர் இலைப் பைத்தியம் தெரியும். பூ எனக்குப் பெரிய விஷயமில்லை. பூ எல்லார் வீட்டிலும்தான் பூக்கிறது. எனக்கு இலை வேண்டும் — அதுவும் சிவப்பிலும் ரோஸிலும் மஞ்சளிலும். குரோட்டன்ஸ், கலேடியம் என்று வாசலில் இருந்து கிணற்றடி வரை தொட்டி தொட்டியாக வைத்திருக்கிறேன். விழுப்புரத்திலேயே மாடுகூட சீண்டாத செடியாகத் தேடிப் பிடித்து வளர்க்கிறவர் என் வீட்டுக்காரர்தான் என்று என் மனைவி சாரதா பெருமையாகச் சொல்லுவாள். பெருமை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் ராஜா, நான் குங்குமம் பூசிய அந்தப் பாம் செடி. ஏதோ ஒரு தூரதேசத் தீவில் வளர்கிற பனை ஜாதி. இரும்பை என்ற ஊரில் இருக்கிற கோயிலுக்குப் போனபோது, அந்தப் பக்கம் செம்மண் மேட்டில் லுங்கி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் நர்சரி போட்டிருந்ததைப் பார்த்தேன். அங்கே வாங்கியது. அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. விலையை நான் சொல்லப்போவதில்லை... சாரதாவும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்.

கன்றோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று அவள் கேட்டது இது:

"ஏங்க, ஏரிக்கரை பூரா பனை நின்னுகினு இருக்குது. கேக்க ஆளில்ல. நீங்க இன்னாடான்னா காசு குடுத்து ஒரு பனங்கன்னை பஸ்ல தூக்கிகினு வர்றீங்க!"

அவளுக்கு என்ன தெரியும்? இந்தப் பாம் புதுக் குருத்து விரிக்கும்போது, அந்த இலை ரத்தச் சிவப்பாக வரும். வெயில் பட்டால் உள்ளே விளக்கு வைத்தது போல மின்னும். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்தச் சிவப்பு பத்து நாள்தான். பிறகு பித்தளைக் கலர், அப்புறம் சாதாப் பச்சை. வருஷத்துக்கு இரண்டு இலை விட்டால் அதிகம். மற்ற நாளெல்லாம் அது ஏரிக்கரைப் பனைக்குத் தம்பி மாதிரி சும்மா நிற்கும். நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இந்தச் சிக்கலை நான் உங்களிடம் சொன்னேனா? சொல்லவில்லை. போன வருஷம் முதல் சிவப்புக் குருத்து விரிந்ததும் இதே பக்கத்தில் 'எங்கள் வீட்டில் ஒரு தீ எரிகிறது' என்று எழுதித் தள்ளினேன். படித்தவர்கள் வருஷம் பூராவும் எரிகிறது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அந்தத் தீதான் என் காலைச் சுட்டது.

என் தங்கை மல்லிகாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல பெண். அவளுக்கு வாய்த்த ஒரே குறை, பேசுவதற்கு நான் அண்ணனாக இருப்பது. முதலில் வந்த இடத்தில், "நல்லாப் பாடுவா" என்று அடித்துவிட்டேன். சந்தோஷமாகப் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள், "எனக்குப் பாட வராதுங்க" என்றாள். அடுத்து வந்த இடத்தில், "மைசூர்பாகு அவ கைப்பக்குவம்" என்றேன். பக்குவம் கேட்டார்கள். "கடையில வாங்கினதுங்க" என்றாள். இரண்டு இடமும் "ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மல்லிகா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணா, நாம தேடுற எடத்துக்கு நானே போதும். மேல எதுவும் நீ சேக்காத. இன்னொரு வாட்டி பொய்யி வந்துச்சினா, அத்தோட எனக்கு மாப்பிள்ளையே பாக்க வேணாம். வுட்டுடு."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் தரகர் கோவிந்தசாமி திண்டிவனத்து வரனோடு வந்தார். பையன் பெயர் சேகர். சொந்தமாக ரைஸ் மில். போட்டோவைக் காட்டினார். வழக்கமாக மறுநாளே திருப்பித் தந்துவிடுகிற மல்லிகா, அந்தப் போட்டோவைத் திருப்பித் தரவே இல்லை. சாரதா என்னிடம் கிசுகிசுத்தாள்: "இந்த எடம் அமையணும்ங்க. அவளுக்குப் புடிச்சிருக்குது. நீங்க கொஞ்சம் வாய மூடிகினு இருங்க, போதும்."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதியதை என்ன செய்வது?

பையனின் அப்பா ஏகாம்பரம், என்னைவிடப் பெரிய செடிப் பைத்தியமாம். இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவராம். கோவிந்தசாமி அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"'செவப்பு இலை வுடற பாமுன்னு எழுதினாரே, அவரு தங்கச்சியா? நான் முப்பது வருஷமா செடி வெக்கிறேன், அப்படி ஒண்ண பாத்ததில்லையே. நேர்ல பாக்கலாம். இருந்துச்சினா ஆளு யோக்கியம். இல்லைனா, பொண்ணப் பத்தி சொல்றதும் இப்படித்தான்'னு சொல்லிகினு இருக்காரு சார்."

எனக்குக் கவலையே இல்லை. ஏன் தெரியுமா? அந்த வாரம்தான் பாம் புதுக் குருத்து விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வியாழக்கிழமை குருத்து விரிந்தது — செக்கச்செவேலென்று! ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அளந்துவிட்ட ஒன்று வாசலில் உண்மையாக நின்றது.

சனிக்கிழமை கோவிந்தசாமி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"பேஜாரா பூடுச்சி சார். மாப்பிள்ளை வூட்டுப் பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு. தீட்டு. பதினாறு முடிஞ்சிதான் வருவாங்க."

தீட்டுக்குப் பதினாறு நாள். சிவப்புக்குப் பத்து நாள். கணக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது.

செத்துப்போனவருக்காக அவர் வீட்டார்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்களா தெரியாது. வெயில் பட்டால்தான் பச்சையாகும் என்று தொட்டியைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். மேலே ஈரச்சாக்கு. வீட்டில் எல்லாரும் பாமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளித்தார்கள். ஆபீசில் ஒருவர், "பீட்ரூட் தண்ணி ஊத்துங்க சார், கலரு நிக்கும்" என்றார். ஊற்றினேன். பொரியலுக்கு வைத்திருந்த பீட்ரூட்டைக் காணோம் என்று சாரதா தேடிக்கொண்டிருந்தாள்.

இலை என் பேச்சைக் கேட்குமா? ஒவ்வொரு காலையும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பு பழுப்பாச்சு, பழுப்பு பித்தளையாச்சு. யோசித்துப் பார்த்தால் எந்தப் புதுசுக்குத்தான் கலர் நிற்கிறது? புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கிற மரியாதையும் ஏறக்குறைய பத்து நாள்தானே! நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படித் தத்துவமெல்லாம் பேசி என்ன? அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, இலை சுத்தப் பச்சை.

"உள்ளத சொல்லிடுங்க. பத்து நாள்தான் இருக்கும், போயிடுச்சுன்னு சொன்னா இன்னா கொறஞ்சிபூடும்?" என்றாள் சாரதா.

"சரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் ஞாயிறு காலை விழித்ததும் எனக்கு ஏகாம்பரத்தின் முகம்தான் தெரிந்தது — இத்தனைக்கும் அவரை நான் பார்த்ததே இல்லை! 'ஓகோ, போயிடுச்சா? நாங்க வர்ற அன்னிக்கிப் பாத்து போயிடுச்சா?' யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேனே!

முதலில் சிவப்பு மையைத் தொட்டுத் தடவினேன். மெழுகு இலை. மை முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிட்டது. அப்புறம்தான் சாமி மாடத்தில் இருந்த குங்குமச் சிமிழ் கண்ணில் பட்டது. தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பஞ்சால் பூசினேன். அடடா... அசல் தோற்றது! கொஞ்சம் தள்ளி நின்று நானே ரசித்தேன் என்றால் பாருங்கள்.

பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம். சாரதா. காலிச் சிமிழைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் கேசரி கிளற ஆரம்பித்தாள். மல்லிகா அறைக்குள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

திண்டிவனத்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பையன், அப்பா, அம்மா, கூடவே கோவிந்தசாமி. ஏகாம்பரம் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"எங்க தம்பி அந்தப் பாமு?"

"மொதல்ல கேசரி சாப்பிடுங்க..."

"கேசரி எங்க போயிடப் போவுது? வாங்க."

மொத்தக் கூட்டமும் கிணற்றடிக்கு வந்தது. நிழலான மூலையாகப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடேங்கப்பா!" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மன்னிச்சிக்கணும். நீங்க சும்மா அளந்து வுட்டிருப்பீங்கன்னு வழி பூரா இவகிட்ட சொல்லிகினே வந்தேன். தப்பு எம்மேலதான்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்பு கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் இலையைத் தொடக் கையை நீட்டினார். "தொடாதீங்க சார், தொட்டா வாடிடும்!" என்று குறுக்கே பாய்ந்தேன். இவரைத் தடுத்தேனே தவிர, அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி தனபாக்கியம் அம்மாளைக் கவனிக்கவில்லை. பட்டுப் புடவையைக் கடையில் பதம் பார்ப்பார்களே, அப்படி இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

விரல் சிவந்தது. இலை பச்சையானது.

அந்தம்மாள் விரலை மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாங்க இது... குங்குமம் வாசனை வருது?"

ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் அதன் சத்தத்தைப் பெட்டி பெட்டியாக எண்ணினேன்.

பதில் சொன்னது மல்லிகா. காபித் தட்டோடு எப்போது வந்து நின்றாளோ தெரியாது.

"அது எங்க அண்ணன் பூசினதுங்க. நீங்க மொதல்ல வர்றதா இருந்த அன்னிக்கி நெஜமாவே செவப்பா இருந்துச்சி. பத்து நாள்தான் அந்த கலரு. இப்ப பச்சைதாங்க. எனக்குத் தெரியாம இப்படிப் பண்ணிடுச்சி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் திருப்பித் தராமல் வைத்திருந்த அந்தப் போட்டோ கையைவிட்டுப் போவதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். தலையில் இடி விழக்கூடாதா என்றிருந்தது.

ஏகாம்பரம் தோள் துண்டை உருவினார். என்னை அடிக்கத்தான் என்று இரண்டடி பின்னால் போனேன். அவர் நேராகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

"செடி வெக்கிற ஆளாய்யா நீ? எண்ணெயப் பூசி வெச்சா இலை எப்படி மூச்சு வுடும்? சோப்புத் தண்ணி கொண்டாங்க, ஜல்தி!"

துடைத்துக்கொண்டே வந்தவர் அடிக்காம்புக்கு வந்ததும் கையை நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தோ பாரு... காம்புல இன்னும் செவப்பு ஓடிகினு இருக்குது. பொண்ணு சொன்னது நெஜந்தான். இத்த காட்டியிருந்தாலே நான் நம்பியிருப்பேனே!"

எட்டிப் பார்த்தேன். ஆமாம். காம்பின் அடியில் நல்ல சிவப்பு. அதன் மேலேயும் நான் குங்குமத்தை அப்பி மறைத்திருந்தேன்.

தனபாக்கியம் அம்மாள் இன்னும் விரலை விரித்து வைத்துக்கொண்டே நின்றார். "அம்மா, கை கழுவிக்கங்க" என்று சாரதா சொம்பை நீட்டினாள்.

"குங்குமத்தப் போயி சாக்கடையில கழுவுறதா? நல்லா சொன்ன போ." அவர் மல்லிகாவைப் பார்த்தார். "இந்த வூட்ல உள்ளத சொல்றதுக்கு ஒருத்தியாவது இருக்கா. இங்க வாம்மா."

முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அந்தச் சிவந்த விரலாலேயே நெற்றியில் பொட்டு வைத்தார். எங்கள் பக்கத்தில் பையனின் அம்மா பொட்டு வைத்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

"பொட்டு வெச்சாச்சி! அப்புறம் இன்னா, தட்டு மாத்திக்க வேண்டியதுதான்!" என்று கோவிந்தசாமி கத்தினார். சேகர் அவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், முதல் தடவையாக மல்லிகாவைப் பார்த்துச் சிரித்தார். மல்லிகா காபித் தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடுகிற வேகத்தில் என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்... கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. காபியை நான்தான் எல்லாருக்கும் கொடுத்தேன்.

தை மாதம் கல்யாணம். சீர் எதுவும் வேண்டாம் என்று ஏகாம்பரம் கறாராகச் சொல்லிவிட்டார். என்ன பெருந்தன்மை! என்று நான் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்:

"பொண்ணு கூட அந்தப் பாமு மட்டும் வந்துடணும் தம்பி. உங்ககிட்ட வுட்டா அது தாங்காது."

சாரதா எனக்கு முன்னால் "சரிங்க" என்று சொல்லிவிட்டாள்.

வழியனுப்புகிற அன்று வாசலில் நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டால், பாதி தங்கைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.