ஆட்டத்துக்கு முந்தைய இருபது நிமிடங்கள்

எங்கள் எம்.டி. கோல்ஃப் ஆடுவதற்கு முன்னால் எண்ணுகிற குரல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஹனா, தூல், செத், நெத். கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஈரம் உலராத புல்லில் கால்களை அகட்டி நின்று, ஒரு மட்டையைத் தோள்களுக்குக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இடமும் வலமுமாகத் திருப்புவார். பக்கத்துக்கு எட்டு முறை. பிறகு கழுத்து, மணிக்கட்டு, கெண்டைக்கால். பிறகு இரண்டு மட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, பந்தில்லாமல் காற்றை மெதுவாக வெட்டுவார். அதற்கப்புறம்தான் பயிற்சித் திடலில் பந்தை வைப்பார். முதலில் குட்டை மட்டையால் அரை வீச்சு, அடுத்து நடுத்தர மட்டை, கடைசியில் முழு பலத்தோடு நீள மட்டை. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். ஆட்டத்தில் தோற்றாலும் அவருக்குப் பெரிதாகக் கோபம் வராது. இந்த இருபது நிமிடத்தில் யாராவது குறுக்கிட்டால் வரும்.

நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் அந்தக் கொரியக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், தமிழ் சுத்தமாக வராது. அதனால் வார நாட்களில் மீட்டிங் அறையிலும், விருந்தினர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் மைதானத்திலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். பயிற்சித் திடலில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. அவருக்குப் பின்னால், நாலடி தள்ளி. ஒருமுறை எம்.டி. மட்டையை ஓங்கும் நேரத்தில் எச்.ஆர். அதிகாரி ஏதோ கேட்டுவிட்டார். பந்து கோணிக்கொண்டு போனது. அதன்பின் ஒரு வாரம் அந்த மனிதரின் முகம் பார்த்து எம்.டி. பேசவில்லை. "சூடேறாத உடம்போடு அடிக்கிறவன் காயப்படுவான். மனசுக்கும் அப்படித்தான்" என்று காரில் திரும்பும்போது என்னிடம் சொன்னார்.

அந்தப் பயிற்சியை அவர் தொழிற்சாலைக்கும் கொண்டுவந்திருந்தார். தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் வரிசையில் நின்று கை கால்களை நீட்டி மடக்க வேண்டும். எண்ணிக்கை கொரிய மொழியில். ஆண்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் பிரிவில் இருந்த ஒருத்தி மட்டும் கடைசி வரிசையிலிருந்து எல்லோரையும் மீறிக் கத்தி எண்ணுவாள். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்துக்காரி, என் வயதுதான் இருக்கும், ஆறு வயதில் ஒரு மகள். அவளுக்கு 'ஹனா தூல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எம்.டி. சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் ஒன்று, அவள் எண்ணுவதைக் கேட்டபோதுதான்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்தினராக வந்திருந்தவர் எங்களிடம் பாகங்கள் வாங்கும் பெரிய கார் கம்பெனியின் கொள்முதல் தலைவர். வடநாட்டுக்காரர், கண்டிப்பானவர். புது மாடலுக்கான ஆர்டர் எங்களுக்கா, போட்டிக் கம்பெனிக்கா என்று அந்த வாரம் முடிவாக வேண்டும். ஏழு இருபதுக்கு ஆட்டம். ஏழு மணிக்கு இருவரும் பயிற்சித் திடலில் அடுத்தடுத்து நின்றார்கள். எம்.டி. மட்டையைத் தோளில் வைத்து எண்ண ஆரம்பித்தபோது என் கைப்பையில் போன் அதிர்ந்தது. ஷிப்ட் சூப்பர்வைசர். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை வேலி ஓரம் ஒதுங்கிப்போய் எடுத்தேன்.

"மேடம், ஏழாம் நம்பர் பிரஸ்ல நம்ம ஹனா தூல் பொண்ணுக்குக் கை மாட்டிக்கிச்சு. கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் தனியா வந்துட்டுது. ஈரத்துணில சுத்தி, கவர்ல போட்டு, ஐஸ்ல வெச்சிகினு கீறோம். இங்க டாக்டரு இன்னா சொல்றாருன்னா, சிட்டில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒட்ட வெக்கலாமாம். பன்னெண்டு மணிக்குள்ள ஆபரேஷன் ஆரம்பிக்கணுமாம். கம்பெனி லெட்டர் இல்லாம அங்க சேத்துக்க மாட்டேன்றாங்க. பெரியவர் கையெழுத்து வோணும், மேடம்."

ஏழாம் நம்பர் எது என்று எனக்குத் தெரியும். அந்த இயந்திரத்துக்குள் கை போனால் உடனே நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அது பழுதாகி, காரணமில்லாமல் லைனை நிறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை மீட்டிங்கில் மெயின்டனன்ஸ் ஆள் அதைச் சொன்னார். எம்.டி. கொரிய மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். அதை நான்தான் தமிழில் சொன்னேன்: "திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம், அதுவரை சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்." குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போனோம். மதியம் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒரு கணம்கூட அந்த வாக்கியம் என் மனதில் உறுத்தவில்லை.

போனை வைப்பதற்குள் பிளான்ட் மேனேஜரின் அழைப்பு வந்தது. அவர் கெட்டவர் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. என் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, பந்தியில் நின்று பரிமாறியவர்.

"ஏம்மா, சூப்பர்வைசர் உனக்குப் போன் பண்ணானா? ரவுண்டு முடியற வரைக்கும் வாயத் திறக்காத. இன்னிக்கு இந்த ஆர்டர் போச்சுன்னா ஒரு லைனே மூடணும். அந்தப் பொண்ணு மாதிரி எத்தன பேரு வேல போவும், யோசிச்சியா?"

"பன்னெண்டு மணிக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம் சார்."

"போன வெரலு போனதுதாம்மா. இங்கயே தையல் போட்டுடுவாங்க. கையெழுத்தப் பதினோரு மணிக்கு வாங்கிக்கலாம்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "நீ மொழிபெயர்ப்பாளர். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்றதுதான் உன் வேல. இத அவர்கிட்ட சொல்லுன்னு உன்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

ஆட்டம் தொடங்கினால் போன்களை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆடாதவர்களுக்குப் பயிற்சித் திடலோடு சரி, நான் உள்ளே போக முடியாது. நாலு மணி நேரத்துக்கு அவரை யாரும் நெருங்க முடியாது. மணி ஏழு எட்டு. திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். அவர் குட்டை மட்டையை முடித்து நடுத்தர மட்டைக்கு வந்திருந்தார். பந்து ஒவ்வொன்றும் நேராகப் போய் ஒரே இடத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்ற விருந்தினர் அதைக் கவனித்து, "வெரி குட்" என்றார். வழக்கம்போல அதையும் மொழிபெயர்த்தேன். எம்.டி. தலையசைத்தார். என் குரல் இயல்பாகத்தான் இருந்தது. அது எனக்கே பயமாக இருந்தது.

எத்தனை பந்து அடித்தார் என்று தெரியாது. எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, மூன்று மாதக் கர்ப்பம், பிரசவ விடுப்பு இந்த வேலையை நம்பித்தான். இதெல்லாம் ஒழுங்காக வரிசை கட்டி மனதில் வந்தது. அவள் முகம் வரவில்லை, அவளுடைய கை மட்டும் வந்தது. காலைப் பயிற்சியில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்து விரலையும் விரிக்கச் சொல்வார்கள். கடைசி வரிசையில் அவளுடைய விரல்கள்தான் எல்லோரையும்விட உயரமாக நிற்கும்.

ஏழு பதிமூன்றுக்கு அவர் நீள மட்டையை எடுத்தார். பின்னுக்கு ஓங்கினார். நான் நாலடியையும் தாண்டி உள்ளே போனேன். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கால்தான் முதலில் நகர்ந்தது. மட்டை இறங்கும் நேரத்தில் அவர் கண்ணின் ஓரத்தில் என் புடவை தெரிந்திருக்க வேண்டும். உடம்பை முறுக்கி வீச்சைப் பாதியில் பிடித்தார். மட்டையின் தலை என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். ஆறு வருடமாகப் பழகிய மரியாதைச் சொற்கள் எதுவும் வரவில்லை. "விரல். இரண்டு. பிரஸ்ஸில்."

"எந்த பிரஸ்?" என்றார்.

"ஏழு."

அவர் மட்டையைக் கீழே ஊன்றினார். அவர் முகத்திலிருந்த சிவப்பு மெல்ல வடிந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் என்று கேட்டார். காலையில் சத்தமாக எண்ணுகிறவள் என்றேன். பன்னிரண்டு மணி என்பதையும், கையெழுத்தையும் சொன்னேன். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். எழுத வேறு தாள் இல்லை, ஸ்கோர் அட்டையைத் திருப்பி என்னிடம் நீட்டி, "எழுது" என்றார். முழுச் சிகிச்சைக்கும் கம்பெனி பொறுப்பு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அங்கே கொடுக்கிற குட்டைப் பென்சிலால் அவர் கையெழுத்துப் போட்டார். படம் எடுத்து சூப்பர்வைசருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். "வண்டி கெளம்பிடுச்சு மேடம்" என்று பதில் வந்தபோது மணி ஏழு இருபத்தொன்று.

அதற்குள் விருந்தினர் ஆடத் தயாராகி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி. அவர் முன்னால் போய்க் குனிந்து வணங்கினார். "நான் சொல்வதை மென்மையாக்காமல் சொல்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பேசினார். என் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் விரல்கள் துண்டாகிவிட்டன. பாதுகாப்புச் சென்சாரை அணைக்கச் சொன்னவன் நான். நான் போக வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியது. வாங்குகிறவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எம்.டி.க்கும் எனக்கும் தெரியும். அவர் காத்திருந்தார். சொன்னேன். கொள்முதல் தலைவர் குனிந்து தன் பந்தைப் புல்லில் வைத்தார். பிறகு, "போங்கள்" என்றார். நாங்கள் காருக்கு நடந்தபோது பின்னால் அவர் பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஒன்பதேகாலுக்கே அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பத்து மணிக்கு அவள் கணவர் வந்தார். வயலில் இருந்து அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், காலில் சேறு காய்ந்திருந்தது. கோல்ஃப் உடையில் இருந்த எம்.டி.யை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அவரு பேசறத சொல்றவங்களா?"

"ஆமாங்க."

"மிஷின்ல அந்த சென்சாரு வேல செய்யலன்னு சூப்பர்வைசரு சொல்றாரு. இவருக்கு அது எப்பத்துலேர்ந்து தெரியும்னு கேளுங்க."

கேட்டேன். எம்.டி. அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "வியாழக்கிழமையிலிருந்து" என்று மொழிபெயர்த்தேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். எம்.டி.யும் அதை எதிர்பார்த்து நின்றது போலத்தான் இருந்தது, கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல். அவள் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு?"

அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. "எனக்கும் வியாழக்கிழமைதாங்க" என்றேன். அவர் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மதியம் மூன்று மணி வரை நாங்கள் மூவரும் ஒரே வராந்தாவில் இருந்தோம். எம்.டி. உட்காரவே இல்லை. முறுக்கிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நாலாம் நாள் கறுத்து, எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தபோது பிளான்ட் மேனேஜர் ஒரு வரைவு தயாரித்துக் கொண்டுவந்தார். அதில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது. எம்.டி. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தானே கொரிய மொழியில் ஒரு பக்கம் எழுதினார். வியாழக்கிழமை, மீட்டிங், தன் வாக்கியம். அதைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஆர்டரில் பாதி போட்டிக் கம்பெனிக்குப் போனது. பிளான்ட் மேனேஜர் பயமுறுத்திய மாதிரி லைன் மூடவில்லை, ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிலரை நிறுத்தினார்கள். அதையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது மாதம் எம்.டி.யைக் கொரியாவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதுவரை அவர் கோல்ஃப் மைதானத்துக்குப் போகவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நானும் அங்கே திரும்பவில்லை. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் அதே வேலைதான் செய்கிறேன். ஒரு வித்தியாசம், மீட்டிங்கில் ஒரு வாக்கியம் புரிந்தும் உறுத்தினால், மொழிபெயர்க்கும் முன் "நிச்சயமாக இதைச் சொல்லவா?" என்று கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு சான்றிதழுக்கு நகல் எடுக்க வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் அவள். இழப்பீட்டுப் பணத்தில் வைத்த கடை. என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தாளைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து இயந்திரத்தில் வைத்தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சூடு பட்டாத் தெரியாதுக்கா. ஆனா புடிக்கும்" என்றாள். நகலை என்னிடம் நீட்டும்போது அவளே பேசினாள்.

"அன்னிக்கு வேற எவனா இருந்தா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பான்னு எங்க வூட்டுக்காரரு இன்னும் சொல்லிகினு கீறாரு. அவருக்கு அந்தாளு மேல ஒரு மரியாத. எனக்கு அப்படி இல்ல. ஒத்துகினாருன்றதுக்காக வெரலு வந்துடுமா? நான் அவர மன்னிக்கல. அவரு நம்பர் உங்ககிட்ட கீதா? கீதுன்னா இத அவருக்குச் சொல்லுங்க."

அவள் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலை அவள் சொன்னதைக் கொரிய மொழியில் அப்படியே எழுதி அவருக்கு அனுப்பினேன். நாலு வருடம் கழித்து அவருக்கு நான் அனுப்பும் முதல் செய்தி. படித்துவிட்டார் என்பதற்கான அடையாளம் உடனே வந்தது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரே ஒரு வரி இருந்தது. கட்டைவிரல் மடங்குகிறதா என்று கேட்டிருந்தார். மடங்குகிறது, தாளைப் பிடிக்கிறது, சூடு மட்டும் தெரிவதில்லை என்று எழுதினேன்.