மாமா வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்தது

எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில் அப்பா ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வாகனம். மொன்றியலில் இருந்து புறப்பட்டு, ரொறன்ரோவில் ஒரு நாள் நின்று, பிறகு நயாகரா போவது என்று ஏற்பாடு. ரொறன்ரோவில் என்னென்ன பார்க்கலாம் என்று நான் வழியெல்லாம் கனவு கண்டுகொண்டு வந்தேன். எங்கள் ஆட்கள் ரொறன்ரோவுக்குப் போவது ஊர் பார்க்க அல்ல, சொந்தக்காரரைப் பார்க்க என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் எங்களுக்கு அவ்வளவு சொந்தம். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால், நாங்கள் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஒரு காட்சி, ஒரு சொந்தம் என்று மாறி மாறிப் போவதாக அப்பா திட்டம் போட்டார். திட்டம் நல்லதுதான். ஆனால் ரொறன்ரோவின் பேர்போன உயரமான கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எந்தத் தரிப்பிடத்துக்குள்ளும் ஆர்.வி. நுழையாது என்று தெரிந்ததும், கோபுரத்தை ஜன்னலால் பார்த்ததோடு சரி. ஏரிக்கரை மண்குன்றுகளில் இறங்கி நிற்பதற்கு முன்பே சித்தி போன் எடுத்து, இடியப்பம் ஆறுகிறது என்றார். போன வீடெல்லாம் தேத்தண்ணியும் றோல்சும். சாப்பிட்டு முடிய வீட்டுக்காரர் ஒவ்வொருவராக ஆர்.வி.க்குள் ஏறி, குழாயைத் திறந்து பார்த்து, மெத்தையை அமத்திப் பார்த்து, உதுக்குள்ளயே குளிப்பீங்களோ என்று கேட்பார்கள். அப்பாவும் தானே கட்டிய வீடு மாதிரிச் சுற்றிக் காட்டுவார்.

போகாத வீடு ஒன்றே ஒன்றுதான். அதே ஸ்காபரோவில், வோபர்னில் இருந்த மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன்.

மூன்று வருடங்களுக்கு முன் மாமா அந்த வீட்டை வாங்கிக் குடிபூரலுக்கு, அதுதான் பால் காய்ச்சிக் குடிபோவதற்கு, நாள் வைத்தபோது எங்களுக்கும் போன் எடுத்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவரிட்டையும் சொல்லிவிடு என்று வைத்துவிட்டார். வந்தது வினை. நேரில் வந்து சொல்லாததைக்கூட அப்பா பொறுத்திருப்பார், மொன்றியல் தூரம். ஆனால் வீட்டு மாப்பிள்ளைக்கு வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதா? நான் குளிச்சு முடியுமட்டும் அந்த மனிசனுக்குப் பொறுக்கேலாதோ என்று கேட்டவர், தானும் போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டிய தங்கச்சி வராதது மாமாவுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. இனி அவன்ரை வீட்டுப் படி மிதிக்கமாட்டன் என்று மாமா சொன்னார். அப்பாவும் அப்படியே இங்கிருந்து சொன்னார்.

அந்தக் கோடையில்தான், அடுத்த கிழமை மாமாவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. அப்பாவிடம் ஒரு தரம் சொன்னார். அன்றைக்கு எந்த வீட்டிலும் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. அண்ணனுக்கு ஏதும் நடந்தால், பார்க்காமல் விட்ட பாவத்தோடு காலம் முழுக்க இருக்கவேண்டும் என்ற பயம் அவருக்கு. அப்பாவோ சொன்ன சொல் மாறாதவர். அப்படியென்று எல்லாருக்கும் சொல்லியும் வைத்திருந்தார், அதுதான் கரைச்சல்.

பின்னேரம் நெடுஞ்சாலைக்குத் திரும்பவேண்டிய இடத்தில் அப்பா மற்றப் பக்கம் திருப்பினார். ஒரு சின்னத் தெருவுக்குள் போய் ஒரு வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

“தண்ணி முடிஞ்சுது. இதில கேட்டுப் பாப்பம்” என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

காலையில்தான் நிரப்பினோம். தண்ணீர் டாங்கியின் அளவு காட்டுகிற விளக்குகள் நாலும் எரிந்துகொண்டிருந்தன. நான் அதைச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார்.

ஹோர்ன் சத்தத்துக்கு மாமா வெளியே வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். அப்பா இறங்கி, மாமாவின் காணிக்குள் கால் படாமல் தெருவிலேயே நின்று, தண்ணி பிடிக்கவேணும் என்று டயரைப் பார்த்துச் சொன்னார். மாமா பூமரங்களுக்குத் தண்ணீர் அடிக்கிற ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அப்பா வாங்கி டாங்கியின் வாயில் வைத்தார். வைத்த உடனேயே தண்ணீர் திருப்பியடித்து மாமாவின் சேர்ட் நனைந்தது.

“இன்னும் கொஞ்சம் கொள்ளும்” என்றார் அப்பா.

“ஓம், பெரிய டாங்கிதானே” என்றார் மாமா.

தண்ணீர் வழிந்து அடுத்த வீட்டு வாசல் வரைக்கும் ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்ப ஒப்பரேசன் என்று அப்பா கேட்டார். செவ்வாய் என்றார் மாமா. ஆர் டொக்டர் என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரைச் சேமிப்பது பற்றி அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் கண் தெரியாதா? குதித்து இறங்கி, கராஜ் பக்கம் ஓடி, சுவரில் இருந்த பைப்பைத் திருகிப் பூட்டினேன்.

தண்ணீர் நின்றது. இரண்டு பேரின் கதையும் நின்றது. மாமா குழாயை மெல்லச் சுருட்டத் தொடங்கினார். அப்பா டாங்கியை மூடிவிட்டு, வாகனத்தைக் கிளப்பத் திறப்பைக் கையில் எடுத்தார். “அப்ப வாறம்” என்றார்.

அம்மா இறங்கினார். அப்பாவைத் தாண்டி, மாமாவைத் தாண்டி, புல்லுக்கு மேலால் நேரே நடந்து வந்தார். என்னை விலத்திவிட்டு பைப்பை முழுதாகத் திறந்தார். திறந்துவிட்டு அதைப் பிடித்தபடி, சத்தமில்லாமல் அழுதுகொண்டு நின்றார். மாமாவின் கையில் இருந்த குழாய் துள்ளி எல்லாருடைய காலையும் நனைத்தது.

அப்பா ஆர்.வி.யின் கதவைத் திறந்து பிடித்தார். “உள்ள வாங்கோ மச்சான். இது என்ரை வீடில்லை, வாடகை வான்தானே.”

மாமா குழாயைப் புல்லில் போட்டார். பிறகு, படியடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினார். பின்னால் மாமி ஒரு தட்டு வடையோடு ஓடி வந்தார். எப்போது சுட்டாரோ தெரியாது. அந்தக் குட்டி மேசையில் எல்லோரும் முழங்கால் இடிக்க இருந்தோம். அம்மா தேத்தண்ணி வைத்தார். அப்பாடா, அப்போதுதான் அவர் இரண்டு வடை சாப்பிட்டார்.

நயாகரா அந்த முறை பார்க்கவில்லை. செவ்வாய் வரைக்கும் ஆர்.வி. மாமாவின் வாசலிலேயே நின்றது. இடையில் எப்போதோ அப்பாவின் செருப்பும் மாமா வீட்டுப் படியில் கிடந்தது. ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. மாமா இன்றைக்கும் சுகமாக இருக்கிறார், அப்பாவோடு அரசியல் பேசிச் சண்டை பிடிக்கிறார்.

ஆனால் தண்ணீர் பிடித்த அன்றைக்கு எனக்குக் கோபம். கோப்பை கழுவும்போது அம்மாவிடம் கேட்டேன், நான் பூட்டின பைப்பை ஏன் திறந்தீங்கள் என்று.

“தண்ணி காணாது, இன்னும் வேணும், பிள்ளை.”

நாலு விளக்கும் எரிவதைக் காட்டினேன். அம்மா அவற்றைப் பார்த்தார், வெளியே கதைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தார், சிரித்தார். காணாது என்றே திரும்பவும் சொன்னார். பாவம், அம்மாவுக்கு அந்த விளக்குகளைப் பார்க்கத் தெரியாது என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.